சிவப்பு விளக்கின் இடமாற்றம்

காலையில் கார் ஸ்ராட் ஆகாவிட்டால் எல்லாரும் முதலில் பற்றரியைத்தான் திட்டுவார்கள். பற்றரி பாவம். அது தானாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. எஞ்சின் ஓடும்போது டைனமோ கொடுக்கும் மின்சாரத்தை வாங்கி வைத்திருந்து, கேட்கும்போது திருப்பித் தருகிறது. டைனமோ கொடுக்காமல் விட்டால் கையிருப்பை வைத்துச் சில நாள் சமாளிக்கும், பிறகு படுத்துவிடும். பற்றரி படுத்தது எல்லாருக்கும் தெரியும். டைனமோ மட்டும் ஒரு குறையும் இல்லாததுபோல் சுழன்றுகொண்டே இருக்கும். இந்தச் செய்தியை நான் ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார்ப் புத்தகத்தில் படித்திருந்தேன். என் நண்பனும் அதே பிரதியை வாங்கிப் படித்திருந்தான்.

நான் எழுதப்போவது எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது. எங்கள் தீபாவளி கழிந்திருந்தது, என் நண்பன் வீட்டாருடைய ஹஜ்ஜுப் பெருநாள் வரவில்லை. மாரி நன்றாகப் பிடித்திருந்தது. காலத்தை இப்படிக் குறித்துவைப்பது என் பழக்கம், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நானும் அவனும் சீனன்குடாவில் ஒரே கந்தோரில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருந்து வேலை பார்த்தோம். நான் பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவனுக்கு வீடு குறிஞ்சாக்கேணியில். தன்னுடைய காரில் கிண்ணியாவுக்கு வந்து, துறையைப் பாதையில் கடந்து கந்தோருக்கு வருவான். வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். கார், வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது அவர்களில் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அதன் பிறகு பல கை மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. உப்புக்காற்று அதன் அடித்தகட்டைத் தின்றிருந்தாலும் எஞ்சின் நல்ல எஞ்சின்.

பாதையில் ஏறினால் எஞ்சினை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். அக்கரையில் இறங்கும்போது ஸ்ராட்டரை இழுத்துப் பார்க்கிற பொறுமை ஒருவருக்கும் இருக்காது. பாதைக்காரரும் கூட வந்த பயணிகளுமாகச் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளிவிடுவார்கள். கேட்காமலே தள்ளுவார்கள், கார் உறுமிக்கொண்டு கரையேறும். அது ஒரு மரியாதை மாதிரி. அதனால் எந்தக் காரின் பற்றரி நல்லது, எது கெட்டது என்று அந்தத் துறையில் யாருக்கும் தெரியாது. என் நண்பனுக்கும் தெரியாமல் இருந்தது. கந்தோரிலும் அவன் காரை எண்ணெய்த் தாங்கிகளுக்குப் போகும் சரிவில்தான் நிறுத்துவான். பின்னேரம் பிறேக்கை விட்டால் போதும். ஸ்ராட்டருக்கு வேலை காலையில் வீட்டில் ஒரு தரந்தான்.

அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். ஒரு ரயருக்கோ பற்றரிக்கோ ஆளைப் பிடித்து, சொல்லி வைத்து, மாதக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். சின்ன பல்ப்கூடக் கிடையாது. அந்த வருடம் பெருமழைக்கு முந்திய சிறுமாரியில் அவனுடைய காரில் வேகத்தைக் காட்டும் வட்டத்துக்குள் எரிகிற பல்ப் செத்துப்போனது. விமானப்படைத் தளத்தைச் சுற்றிய வீதியில் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவுவேலை முடிந்து வரும்போது முள் தெரியாமல் ஓட்டி இரண்டொரு முறை காவல்காரனிடம் ஏச்சு வாங்கினான். ஒரு நாள் காலையில் மேசைக்கு வந்து உட்கார்ந்தவன், கந்தோர்ப் பெரியவரின் குரலில் சொன்னான்.

"ஒரு இடமாற்றம் போட்டிருக்கன் மச்சான்."

"ஆருக்கு?"

"சிவப்பு லைற்றுக்கு. சாவியத் திருப்பினா ஒருக்கா முழிச்சுப் பாக்கும். எஞ்சின் பிடிச்ச உடனே படுத்திடும். மாசம் முழுக்க இதுதான் உத்தியோகம். அந்த பல்ப்பக் கழட்டி வேக முள்ளுக்குப் போட்டுட்டன்."

"மேன்முறையீடு செய்யப்போகுது."

"செய்யட்டும். கையெழுத்து வைக்கிறது நான்தானே."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிவப்பு விளக்குக்கு இருக்கிற ஒரே வேலை, டைனமோ மின்சாரம் கொடுக்காதபோது எரிவது. கொடுக்கத் தொடங்கினால் அணைந்துவிடும். எரியாமல் இருந்த அந்தக் காலமெல்லாம் அது நல்ல சேதிதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவனுடைய உம்மாவுக்கு மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம். மாரி வந்தால் கூடும். தகப்பனார், அவனுடைய வாப்பா, முன்பே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மூத்தவன், அவனுடைய காக்கா, வயல் பார்த்துக்கொண்டு பக்கத்து வளவில் இருந்தான். உம்மா இருந்தது இளையவனோடு. கந்தோரில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டில் பாதி அவர் அனுப்பியதுதான். எனக்கென்று மாட்டிறைச்சி படாத சட்டியில் மீன் ஆக்கி, தனி மூடி போட்டு அனுப்புவார். நான் அவரை நேரில் கண்டது சில தரந்தான், அவருடைய கைருசி மட்டும் எனக்கு அத்துப்படி.

ஐப்பசி முடிவில் ஒரு விடியற்காலை உம்மாவுக்கு முட்டுக் கடுமையாகிவிட்டது. இவன் ஓடிப்போய்க் காரில் ஏறி ஸ்ராட்டரை இழுத்திருக்கிறான். ஒரு முனகல், பிறகு அதுவும் இல்லை. வீட்டு வளவு முழுக்க மணல். தள்ளினால் சில்லுப் புதைகிறது. கடைசியில் அயல்வீட்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெத்தையைப் போட்டு உம்மாவை ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த முறை தப்பிவிட்டார். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்து சொன்னார்.

"நெல்லு மூட்டைய ஏத்துற பெட்டியில என்னை ஏத்தினான் என்ட மகன். வாசல்ல கார் நிக்குது, பெண்டாட்டி மாதிரி அலங்காரமா."

"உம்மா, பற்றரி போயிட்டுது" என்றான் அவன்.

"போனதுக்குப் புதுசு வாங்கு மகன். நான் இன்னொருக்கா மூட்டையாப் போகமாட்டன்."

அவர் பகிடியாகச் சொன்னார். அவன் பகிடியாக எடுக்கவில்லை. அன்றிலிருந்து புதுப் பற்றரி ஒன்றுக்கு அலைந்தான். எந்த நேரம் கூப்பிட்டாலும் கார் ஒரே இழுவையில் எழும்பவேண்டும், உம்மாவைத் தன் கையால் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதைத் தவிர அந்த வாரங்களில் அவனுக்கு வேறு கதை இல்லை. கண்டியில் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கடையில் சொல்லிவைத்தான். பழையதைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள் என்று பதில் வந்தது. ஒரு வியாழக்கிழமை இருவரும் லீவு போட்டு, கடையின் தொலைபேசி நம்பரைக் கந்தோரில் கொடுத்துவிட்டு, மணலில் பலகை போட்டு அயலவர்களைக் கொண்டு காரை வீதிக்கு ஏற்றித் தள்ளி எழுப்பி, துறை கடந்த பிறகு வழியில் எங்கும் எஞ்சினை நிறுத்தாமல் கண்டிக்குப் போனோம். போகும்போது மழை இல்லை, லைற் போடத் தேவையிருக்கவில்லை. அதனால் பழைய பற்றரியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளி காலையில் கடைக்காரர் புதுப் பற்றரிக்கு அமிலம் ஊற்றிச் சார்ஜில் போட்டார். பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும் என்றார். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது அவர் கடைவாசலில் நின்று எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. உம்மாவுக்குக் கடுமை, உடனே வரவேண்டும்.

நண்பன் சார்ஜரில் கிடந்த பற்றரியைக் காட்டி, "கழட்டித் தாங்க" என்றான்.

"இன்னும் பாதிகூட ஏறல்ல தம்பி."

"பரவாயில்ல. நான் போகணும்."

கடைக்காரர் யோசித்தார். "சரி. போற வழியில டைனமோ மிச்சத்த ஏத்திப்போடும்" என்றார். அதில் பிழை இல்லை. நல்ல டைனமோ என்றால் ஏற்றித்தான் இருக்கும்.

புதுப் பற்றரியைப் பூட்டி ஸ்ராட்டரை இழுத்ததும் எஞ்சின் துள்ளி எழும்பியது. அவனுடைய முகத்தில் அந்த நேரத்திலும் ஒரு திருப்தி வந்துபோனதைக் கண்டேன். "பாத்தியா" என்றான். அவ்வளவு நாளும் பற்றரிதான் பிழை என்று நாங்கள் நம்பியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாத்தளை கழியுமுன் மழை பிடித்தது. வைப்பர் போட்டோம். தம்புள்ளைக்கு வர, பகல் இருண்டு, எதிரே வரும் வாகனம் தெரியாமல் பெரிய லைற்றையும் போட்டோம். ஹபரணை தாண்டிய பிறகுதான் நான் கவனித்தேன், வைப்பர் மெதுவாகிக்கொண்டு வந்தது. கண்ணாடியின் பாதியில் நின்று யோசித்துவிட்டு மற்றப் பாதிக்குப் போனது. முன்னால் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகி இருந்தது. எஞ்சினை உறுமவிட்டால் வெளிச்சம் கூடவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. "பெடலைக் கொஞ்சம் அமத்திப் பார்" என்றேன். அவன் அமத்தினான். கூடவில்லை. "லைற்றையும் வைப்பரையும் நிப்பாட்டு" என்றேன். நிறுத்தினான். பக்கக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, மழையில் முகம் நனைய ஓட்டினான். சிறிது தூரம் போனது. பிறகு எஞ்சின் இருமியது. கந்தளாய்க்கு முன்னால், இரண்டு பக்கமும் யானைக்காடு உள்ள சமதரையில் கார் தானாக ஓய்ந்து நின்றது.

இறங்கித் தள்ளினோம். கொஞ்சமாவது மின்சாரம் இருந்தால்தான் தள்ளுவதால் பலன். ஹோர்னை அழுத்திப் பார்த்தேன். ஒரு பூச்சியின் சத்தம்கூட வரவில்லை.

"ஏமாத்திப்போட்டான்" என்றான் அவன். "கண்டிக்காரன் செத்த பற்றரியத் தந்திட்டான்."

நெடுநேரம் கழித்து அரிசி ஏற்றிய லொறி ஒன்று வந்தது. ஓர் ஆளுக்கு மட்டும் இடம் இருந்தது. "நீ போ, நான் காரைப் பாக்கிறன்" என்றேன். அவன் ஏறினான். ஈரச் சட்டையோடு அவன் மூட்டைகளுக்கு மேல் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்ததும், அவனுடைய உம்மா சொன்ன மூட்டைக் கதை எனக்கு நினைவு வந்தது. அவனுக்கும் வந்திருக்கும்.

மழை விட்டது. காருக்குள் தனியே இருந்தபோது, செய்ய ஒன்றுமில்லாமல் புத்தகத்தின் அந்த அத்தியாயத்தை மனதுக்குள் முதலிலிருந்து புரட்டினேன். புதுப் பற்றரி கண்டியில் எஞ்சினைத் துள்ளவைத்தது, ஆகவே அதில் உயிர் இருந்தது. உறுமவிட்டும் வெளிச்சம் கூடவில்லை, ஆகவே டைனமோ ஏற்றவில்லை. ஏற்றாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்திருக்கவேண்டும். என் கண் தானாக அந்த இடத்துக்குப் போனது. பல்ப் இல்லாத சின்னச் சிவப்புக் கண்ணாடி அங்கே இருந்தது. பல்ப் இருந்திருந்தால் அது கண்டியிலேயே சொல்லியிருக்கும். உம்மாவை உழவு இயந்திரத்தில் ஏற்றியதற்கு முந்திய வாரங்களிலேயே சொல்லியிருக்கும். இதை அவன் ஒருநாளும் யோசிக்காமல் இருக்கவேண்டும் என்று அந்தக் காட்டு வழியில் இருந்து நேர்ந்துகொண்டேன்.

பின்னேரம் ஓர் உழவு இயந்திரம் கயிறு கட்டிக் காரைக் கந்தளாய்க்கு இழுத்தது. பிறகு எங்கள் கந்தோர் லொறியில் ஏற்றிச் சீனன்குடாவில் கந்தோர் வாகனக் கொட்டிலில் கொண்டுவந்து விட்டோம்.

உம்மா நாங்கள் கண்டியை விட்டுப் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே மௌத்தாகிவிட்டார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அடக்குவதென்று இருந்ததை, தம்பி வரட்டும் என்று காக்கா பின்னேரம் அஸர்த் தொழுகைக்குத் தள்ளியிருக்கிறான். அதற்குமேல் ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. மையித்தை வைத்துக்கொண்டு தாமதிப்பது கூடாது. நண்பன் துறைக்கு வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. அது வந்து, ஏறி, கடந்து, ஒருவருடைய சைக்கிளை வாங்கிக்கொண்டு போனால், தொப்பி போட்ட ஆட்கள் அடக்கம் செய்யும் மையவாடிப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய கைகளில் மண் இருந்தது.

ஏழாம் நாள் கழிந்து கந்தோருக்கு வந்தான். பஸ்ஸில் வந்தான். கார் கொட்டிலில் கிடந்தது, அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுவரத் தொடங்கினேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"காக்காட்டக் கேட்டன், உம்மாட முகம் எப்படி இருந்த எண்டு. நித்திர மாதிரி இருந்த எண்டான்."

"ம்."

"எல்லாருக்கும் அதைத்தானே சொல்றது."

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டினத்துக்கு என் வீட்டைத் தேடி வந்தான்.

"கொட்டிலுக்குப் போவம் மச்சான். கார் எதால நிண்ட எண்டு எனக்குத் தெரியணும்."

"பற்றரி எண்டுதானே சொன்னனாங்கள்."

"சொன்னம். பாக்கல்லயே."

போனோம். அந்தப் பற்றரியை நான் ஏற்கெனவே எங்கள் கந்தோரின் வேலைத்தளத்தில் கொடுத்து முழுக்கச் சார்ஜ் பண்ணி வைத்திருந்தேன். அவன் அமிலத்தின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை எடுத்து அறை அறையாக உறிஞ்சிப் பார்த்தான். உள்ளே மிதக்கும் குண்டு எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் நின்றது. ஒரு குறையும் இல்லை.

"கண்டிக் கடைக்காரர்ல பிழ இல்ல" என்றான். "நாப்பது நாளா அந்த மனிசன மனசுக்குள்ள ஏசிக்கொண்டிருந்திருக்கன்."

"அதோட விடுவம். மழையில ஈரம் பட்டிருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். புத்தகத்தில் அடுத்த படி என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். டைனமோவைச் சுற்றும் பட்டியைப் பெருவிரலால் அமத்தினான், சரியான இறுக்கம். டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து, நான் வேலைத்தளத்தில் இரவல் வாங்கி வந்த மீற்றரின் வயரை அதில் தொடுத்தான். நான் மீற்றரைப் பிடிக்க, அவன் எஞ்சினை ஓடவிட்டான். முள் எழும்பவேண்டும். நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழும்புதா?"

"இல்லை."

எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து டைனமோவின் பின்புறத்தைத் திறந்தான். உள்ளே சுழலும் செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டிய கரித்துண்டுகளில் ஒன்று அடிவரைக்கும் தேய்ந்து, எட்டாமல் நின்றது. உள்ளே கறுப்புத் தூள்.

"வழியிலதான் போயிருக்கும்" என்றேன். "தம்புள்ளைக்கு இங்கால."

தூளை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினான். "ஒரு நாளில தேயிற தேய்வா மச்சான் இது? உம்மாவப் பெட்டியில ஏத்தின அண்டும் இதுதான். பற்றரி அண்டைக்கே சொல்லியிருக்கு, நாங்க அதையே குத்தம் சொன்னம்."

நான் மீற்றரின் வயர்களைச் சுற்றத் தொடங்கினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாரதி ஆசனத்தில் இருந்தான். பிறகு கையை நீட்டி, அந்தச் சின்னச் சிவப்புக் கண்ணாடியைப் பெருவிரலால் தடவினான்.

"இடமாற்றம் போட்டனான்" என்றான். கந்தோர்ப் பெரியவரின் குரல் இல்லை, அவனுடைய குரலும் இல்லை.

"கேள் மச்சான். கார் ஓடியிருந்தாலும் உயிரோட பாத்திருக்க ஏலாது. நாங்கள் கண்டியால வெளிக்கிடேக்கையே..."

"தெரியும்."

"பிறகென்ன?"

"முகத்தப் பாத்திருப்பன்."

நான் மற்ற ஆசனத்தில் போய் இருந்தேன். கொட்டிலின் தகரத்தில் மழை பெய்து ஓய்ந்தது.

வேலைத்தளத்தில் கிடந்த ஒரு பெரிய மோட்டாரின் கரித்துண்டை வாங்கி, அராவி அளவாக்கிப் பொருத்தினான். நான் உதவப் போனபோது வேண்டாம் என்றான். பிறகு வேக முள்ளின் வட்டத்துக்குப் பின்னால் கையை விட்டு அந்த பல்ப்பைக் கழற்றினான். சட்டைத் துணியால் துடைத்து, பழைய இடத்தில் பூட்டினான். சாவியைத் திருப்பினான். சிவப்பு எரிந்தது. எஞ்சின் பிடித்து வேகம் கூடியதும் அணைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினான். எரிந்தது, அணைந்தது. எத்தனை தரம் அப்படிச் செய்தானென்று நான் எண்ணவில்லை. அவன் பரிசோதிப்பதாக இருந்தால் ஒரு தரமே போதும்.

அன்று பின்னேரம் அவனோடு காரில் துறைக்குப் போனேன். உம்மாவை அடக்கிய இடத்தை, கபுறை, பார்க்கவேண்டுமென்று அவனிடம் சொல்லியிருந்தேன். பாதையில் ஏறியதும் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தினான். அக்கரை வந்தது. பாதைக்காரர் இரண்டு பேர் தள்ளுவதற்குப் பின்னால் வந்து கையை வைத்தார்கள். அவன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, அவர்களில் மூத்தவரிடம், "வேணாம் காக்கா. தள்ளவேணாம்" என்றான். அவர்கள் கையை எடுத்துவிட்டு விலகி நின்றார்கள்.

சாவியைத் திருப்பினான். சிவப்பு எரிந்தது. ஸ்ராட்டரை இழுக்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு வான், அதற்குப் பின்னால் சைக்கிள்காரர்கள், மீன் கூடைக்காரர்கள் எல்லாரும் இறங்கக் காத்துநின்றார்கள். உம்மாவை அடக்கிய அன்றைக்கு அந்தத் துறையில் அவன் வந்து நின்ற நிலையை அவர்களில் பலர் கண்டிருந்தார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, மணி அடிக்கவில்லை. நானும் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன். தண்ணீர் பாதையின் அடியில் மோதிக்கொண்டிருந்தது. பிறகு அவன் ஸ்ராட்டரை இழுத்தான். எஞ்சின் ஒரே இழுவையில் எழும்பியது.